குறைமாதக் குழந்தையும் சீம்பாலும்



பசு கன்று ஈன்ற வீட்டில் முதல் இரண்டு மூன்று நாள்கள் ஒரு சிறு திருவிழாவே நடைபெறும். கன்று குடித்தது போக எஞ்சிய பாலைக் கறந்து, வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து, ஆவியில் வேகவைத்துக் கட்டியாக்கி, அண்டை அயலார்க்கெல்லாம் கொடுப்பார்கள். அதுவே சீம்பால். கடும்பு என்று கூறுவாரும் உண்டு. எங்கள் தெருவில் எந்த வீட்டுப் பசு சினையாக இருக்கிறது என்பது சிறுவர்களாகிய எங்களுக்கு அக்காலத்தில் மனப்பாடம். சீம்பால் மிக்க சத்துடையது என்பதில் எங்கள் பாட்டிமார்க்கு ஐயமே இருந்ததில்லை. பிறந்த கன்றுக்கு அதை வயிறார ஊட்ட வேண்டும் என்பதில் அவர்கள் மிகவும் கண்டிப்பாக இருந்தார்கள்.

ஆனால் அதே பாட்டிமார், தம் வீட்டு மகளோ மருமகளோ பிள்ளை பெற்றபோது, அவள் மார்பில் முதலில் சுரக்கும் மஞ்சள் நிறப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடச் சொன்னார்கள். அது தேங்கிக் கிடந்த பால், பிள்ளைக்குச் செரிக்காது என்பது அவர்கள் எண்ணம். பிள்ளைக்கோ சர்க்கரைத் தண்ணீர், தேன், சில இடங்களில் கழுதைப்பால், நற்குணமுள்ள பெரியவர் ஒருவர் நாவில் தொட்டு வைக்கும் சேனை! கன்றுக்கு அமுதமாகத் தோன்றியது குழந்தைக்கு மட்டும் ஆகாத பொருளாகத் தோன்றியது எவ்வாறு? இதனை எண்ணிப் பார்க்குந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகிறது. வியப்புடன் வருத்தமும் உண்டாகிறது. ஏனெனில், இந்தத் தவற்றில் எனக்கும் ஒரு காலத்தில் பங்கு இருந்தது. நான் குழந்தை மருத்துவன். அந்த வரலாற்றையும் உங்களுக்குச் சொல்லத்தான் போகிறேன்.

தாயின் வயிற்றில் குழந்தை வளர்வதற்கு உரிய காலம் ஏறத்தாழ 40 வாரம். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். இத்தகைய பிறப்பு எங்கோ ஒரு வீட்டில் நிகழும் அருநிகழ்ச்சி அன்று. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு முந்திப் பிறந்தன என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. பத்துக் குழந்தைகள் பிறந்தால் அவற்றுள் ஒன்று குறைமாதக் குழந்தை என்று சொல்லலாம். எண்ணிக்கையில் முதலிடம் பெறும் நாடு நம் இந்தியா.

முந்திப் பிறந்த குழந்தை சிறிய குழந்தை மட்டும் அன்று, முடிவுறாத குழந்தை. கட்டி முடியாத வீட்டில் குடிபுகுந்தவர் நிலையை ஒத்தது அதன் நிலை. கூரை வேயவில்லை, கதவு பொருத்தவில்லை, ஆயினும் மழை காத்திருப்பதில்லை. அதன் நுரையீரல் காற்றைத் தாங்கப் பயிலவில்லை. தோல் மெல்லியது, உடல் வெப்பத்தைக் காக்க உதவும் கொழுப்பு இல்லை. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது ஆகிய மூன்று செயல்களையும் ஒழுங்குபடுத்திப் பால் குடிக்கும் ஆற்றல், 32 முதல் 34 வாரங்களில்தான் கைகூடத் தொடங்கும். அதற்கு முன் பிறந்த குழந்தைக்கு மூக்கு அல்லது வாய் வழியாக வயிற்றுக்குள் செலுத்திய மெல்லிய குழாயின் மூலமே பாலூட்ட வேண்டும்.

இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. தாய் தன் வாழ்நாளில் எதிர்த்து வென்ற நோய்களுக்குரிய எதிர்ப்புப் பொருள்களைத் தன் குருதியிலிருந்து நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வழங்குகிறாள். மகளுக்குச் சீர் கொடுத்து அனுப்பும் அன்னையைப் போன்றவள் அவள். ஆனால் அந்தச் சீரின் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில்தான் வந்து சேர்கிறது. முந்திப் பிறந்த குழந்தை அந்தச் சீரைப் பெறாமலேயே புறப்பட்டு வந்துவிட்டது.

இங்கே மீண்டும் கன்றை நினைவு கூர்வோம். பசுவின் நச்சுக்கொடி எதிர்ப்புப் பொருள்களைக் கன்றுக்குக் கடத்துவதில்லை. கன்று வெறுங்கையுடனே பிறக்கிறது. முதல் நாளில் அது குடிக்கும் சீம்பாலே அதன் காப்பு. அக்காப்புப் பொருள்களை அப்படியே உறிஞ்சிக் குருதியில் சேர்க்கும் ஆற்றல் கன்றின் குடலுக்கு ஏறத்தாழ ஒரு நாள் வரையில் இருக்கிறது. இக்காரணம் தெரியாவிடினும், சீம்பால் குடியாத கன்று பிழைப்பது அரிது என்ற உண்மையை நம் உழவர்கள் கண்டறிந்திருந்தார்கள். நிறைமாதத்தில் பிறந்த மனிதக் குழந்தையோ ஓரளவு சீருடன் வருகிறது. குறைமாதக் குழந்தை, இவ்வகையில், நிறைமாதக் குழந்தையினும் கன்றுக்கே நெருங்கிய உறவு. ஆகவே சீம்பாலின் தேவையும் அதற்கு மிகுதி.

மனிதத் தாயின் சீம்பாலில் அப்படி என்னதான் இருக்கிறது?

பிற்காலத்தில் சுரக்கும் பாலோடு ஒப்பிட்டால், இதில் கொழுப்பும் பால் சர்க்கரையும் குறைவு, புரதம் மிகுதி. மஞ்சள் நிறத்திற்குக் காரணம், கேரட்டுக் கிழங்குக்கு நிறம் தரும் கரோட்டின் என்னும் பொருளே. கெட்டுப்போனதன் அறிகுறி அன்று அது. அளவோ மிகச் சிறிது. நிறைமாதத் தாய்க்கே முதல் நாள் முழுவதும் சேர்த்து ஏறத்தாழ இரண்டு மூன்று மேசைக்கரண்டிதான் கிடைக்கும். குறைமாதத் தாய்க்குச் சில துளிகளே வருவதும் உண்டு. இந்தச் சிறுமையைக் கண்டு, 'பால் இல்லை' என்று முடிவு செய்துவிடுகிறார்கள். வயிற்றை நிரப்புவது மட்டும் சீம்பாலின் வேலை அன்று. குழந்தையைக் காப்பதும் அதன் வேலை.

அந்தக் காவற்படையின் தலைவன், ஐஜிஏ எனப்படும் எதிர்ப்புப் புரதம். தாய்ப்பாலில் உள்ள இதன் தனி வகையை 1961-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு அறிஞர் லார்ஸ் ஓக்கே ஹான்சன் விளக்கிக் காட்டினார். இது குழந்தையின் குருதியில் கலப்பதில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது போலக் குடலின் உட்புறத்தில் படிந்து நின்று, கிருமிகள் அச்சுவரைத் தொடாதவாறு தடுக்கிறது. அடுத்தது லாக்டோஃபெரின் என்னும் புரதம். கிருமிகள் பெருக இரும்பு வேண்டும்; இந்தப் புரதம் அந்த இரும்பைப் பற்றிக்கொண்டு அவற்றைப் பட்டினி போடுகிறது. உயிருள்ள வெள்ளணுக்களும் சீம்பாலில் உள்ளன. குழந்தையால் செரிக்க முடியாத சிலவகைச் சர்க்கரைகளும் உள்ளன. செரிக்காத பொருளை இயற்கை ஏன் வைத்தது என்று நீங்கள் கேட்கலாம். அவை குழந்தைக்காக வைக்கப்பட்டவை அல்ல. அதன் குடலில் குடியேற வேண்டிய நல்ல நுண்ணுயிர்களுக்காக வைக்கப்பட்டவை. நல்லவர் முதலில் வந்து குடியேறினால், தீயவர்க்கு இடம் குறைந்துவிடும் அன்றோ?

இன்னும் ஒன்று. கருவிலுள்ள குழந்தை, தான் மிதக்கும் பனிக்குடநீரை நாள்தோறும் விழுங்கிக்கொண்டே இருக்கிறது. அந்நீரில் உள்ள வளர்ச்சிப் பொருள்கள் குடலின் உட்சுவரைப் பண்படுத்துகின்றன. முந்திப் பிறந்த குழந்தைக்கு இந்தப் பயிற்சி இடையிலேயே அறுந்துவிடுகிறது. அதே வகையான வளர்ச்சிப் பொருள்கள் சீம்பாலில் செறிந்துள்ளன. எனவே அதன் வயிற்றில் சேரும் ஒவ்வொரு சொட்டுச் சீம்பாலும், அறுந்த பயிற்சியை மீண்டும் தொடங்கி வைக்கிறது எனலாம்.

இயற்கையின் மற்றொரு நுட்பத்தைக் கேளுங்கள். குறைமாதத்தில் பிள்ளை பெற்ற தாயின் பாலும், நிறைமாதத்தில் பெற்றவளின் பாலும் ஒன்றல்ல. முன்னவளின் பாலில் தொடக்க வாரங்களில் புரதமும் ஐஜிஏயும் மிகுதியாக இருக்கின்றன. அன்றியும், தாய் எந்தச் சூழலில் இருக்கிறாளோ அந்தச் சூழலின் கிருமிகள் அவள் குடலுக்குள்ளும் மூச்சுக்குழலுக்குள்ளும் செல்கின்றன. அங்கே அவற்றை இனங்கண்ட அணுக்கள் குருதி வழியே மார்பகத்தை அடைந்து, அந்தக் கிருமிகளுக்கே உரிய எதிர்ப்புப் பொருளைப் பாலில் சேர்க்கின்றன. ஆகவே குழந்தை கிடக்கும் அறைக்குத் தாய் வந்து, அதைத் தொட்டு அணைத்துச் செல்வாளாயின், அவ்வறையின் பகைவரை அறிந்து அவர்களுக்கேற்ற படைக்கலத்தைத் தானே வடித்துத் தருகிறாள்.

இனி நான் சொல்வதாகக் கூறிய வரலாற்றுக்கு வருகிறேன்.

1985-ஆம் ஆண்டு, நான் படிப்பை முடித்துப் பணியில் சேர்ந்த தொடக்கக் காலம். 31 வாரத்தில் பிறந்த ஓர் ஆண் குழந்தை எங்கள் பிரிவுக்கு வந்தது. எடை 1,300 கிராம். தாய் வேறொரு கட்டடத்தில் படுத்திருந்தாள். மூன்றாம் நாள், அவள் தன் மாமியாரின் தோளைப் பற்றிக்கொண்டு மெல்ல நடந்து வந்து, கதவருகில் நின்றாள். "ஐயா, பால் ஊறுகிறது. பிள்ளைக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டாள். அவளுடைய மேலாடை நனைந்திருந்தது. நான் ஏட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "வேண்டாம் அம்மா. அவனால் குடிக்க முடியாது. பீய்ச்சிக் கொட்டிவிடு. நாங்கள் இங்கே மாவுப்பால் கொடுக்கிறோம்" என்றேன். மாமியாரும், "நானும் அதைத்தான் சொன்னேன்" என்றார். பாட்டியும் மருத்துவனும் ஒத்துப்போன இடம் அது ஒன்றே.

பத்தாம் நாள் குழந்தையின் வயிறு உப்பியது. மலத்தில் குருதி கண்டது. குறைமாதக் குழந்தைகளைத் தாக்கும் கொடிய குடல்நோய் ஒன்று உண்டு. குடற்சுவர் வீங்கி, அழுகி, சில வேளை துளைபட்டும் போகும். அந்த நோய்தான் வந்தது. பன்னிரண்டாம் நாள் குழந்தை இறந்தது. செய்தி சொல்ல நான் சென்றபோதும் அத்தாயின் மேலாடை நனைந்தே இருந்தது.

தாய்ப்பால் கொடுத்திருந்தால் அக்குழந்தை கட்டாயம் பிழைத்திருக்கும் என்று நான் உறுதி கூற மாட்டேன். தாய்ப்பால் பெற்ற குழந்தைகளுக்கும் அந்நோய் வருவது உண்டு. ஆயினும், அந்தக் குழந்தைக்குக் கிடைத்திருக்கக்கூடிய மிகச் சிறந்த காப்பைக் கொட்டிவிடச் சொன்னவன் நான் என்பது மாறாது. 1980-களின் தொடக்கத்திலேயே, நம் புதுதில்லியில் மருத்துவர் இந்திரா நாராயணனும் அவருடன் பணிபுரிந்தோரும், எடை குறைந்த குழந்தைகளுக்கு மனிதப்பாலை ஊட்டி ஆராய்ந்து, அவற்றைக் கிருமித்தொற்றுக் குறைவாகவே பற்றுகிறது என்று கண்டு எழுதியிருந்தார்கள். நான்தான் அதைப் படிக்கவில்லை.

1990-ஆம் ஆண்டில், இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலன் லூக்கஸ், கோல் என்னும் இருவர் 926 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். மாவுப்பால் மட்டுமே பெற்ற குழந்தைகளிடையே அந்தக் குடல்நோய், மனிதப்பால் மட்டுமே பெற்ற குழந்தைகளிடையே இருந்ததைப்போல் ஆறு முதல் பத்து மடங்கு மிகுதியாக இருந்தது. இரண்டையும் கலந்து பெற்றவர்களோடு ஒப்பிட்டாலும் மூன்று மடங்கு மிகுதி. அக்கட்டுரையை மூடி வைத்துவிட்டு நான் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். ஒரு மருத்துவன் படிக்காமல் விட்ட பக்கத்திற்கு விலை கொடுப்பவன் அவன் அல்லன் என்பது அன்று எனக்கு விளங்கியது. மருத்துவம் பயிலவிருக்கும் மாணவர்கள் இதை மனத்தில் இருத்துமாறு வேண்டுகிறேன்.

நோயைத் தடுப்பதோடு பயன் முடிந்துவிடுவதில்லை. தாய்ப்பால் பெறும் குறைமாதக் குழந்தைகள் வயிறு நிறையப் பாலுண்ணும் நிலையை விரைவில் அடைகின்றன. குருதி நாளத்தின் வழியே நீருணவு ஏற்ற வேண்டிய நாள்கள் குறைகின்றன. அந்த ஊசி வழி கிருமிகளுக்கும் வாயிலாகும் ஆதலின், அது குறைவது பெரும் நன்மை. 1992-இல் லூக்கஸ் குழுவினர், குறைமாதத்தில் பிறந்து ஏழரை முதல் எட்டு வயதினராய் இருந்த 300 பிள்ளைகளைச் சோதித்தபோது, தாய்ப்பால் பெற்றவர்களே அறிவுத் தேர்வில் மேம்பட்டு நின்றார்கள். குடும்பச் சூழலுக்கும் இதில் பங்கு இருக்கலாம். எனினும், தாயின் கல்வி, குடும்பநிலை முதலியவற்றைக் கணக்கில் கழித்த பின்னும் அவ்வேறுபாடு நின்றது.

இத்துணைச் சிறப்புடைய பாலை, உறிஞ்சத் தெரியாத குழந்தைக்கு எவ்வாறு சேர்ப்பது? பிள்ளை பெற்ற முதல் சில மணி நேரத்திற்குள்ளேயே தாய் கைகளை நன்கு கழுவி, மார்பை மெல்ல அழுத்திப் பாலைத் தூய சிறு கிண்ணத்தில் எடுக்கத் தொடங்க வேண்டும். இரவும் பகலுமாக நாளொன்றுக்கு எட்டு முறைக்குக் குறையாமல் எடுத்தல் நன்று. குழந்தை உறிஞ்சுவதாலும் கையால் பீய்ச்சுவதாலும் எழும் உணர்ச்சியே மூளைக்குச் சென்று, பாலைச் சுரப்பிக்கும் நீரையும் வெளிப்படுத்தும் நீரையும் தூண்டுகிறது. கிணற்றில் இறைக்க இறைக்க நீர் ஊறுவது போல, எடுக்க எடுக்கப் பால் ஊறும். எடாது விட்டால் வற்றும். முதல் நாள் வெறும் நான்கு துளிகள் வந்தாலும், அந்த நான்கு துளிகளையும் வீணாக்காமல் குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தில் தடவலாம்; குழாய் வழியே வயிற்றுக்கும் செலுத்தலாம்.

குழந்தை சற்றே வளர்ந்ததும் பாலாடை உதவுகிறது. சங்கு என்றும் வழங்கும் மூக்குடைய அந்தச் சிறு கிண்ணத்தை நீங்கள் வீட்டில் பார்த்திருப்பீர்கள். இரப்பர்க் காம்பு பூட்டிய புட்டியைவிட இது கழுவ எளிது. எனவே கிருமி தங்கும் வாய்ப்புக் குறைவு. நம் பாட்டிமார் கையாண்ட இந்தக் கருவி, இன்று பச்சிளங் குழந்தைப் பிரிவுகளில் இடம் பெற்றிருப்பதோடு, பாலாடை என்னும் தன் தமிழ்ப் பெயருடனேயே ஆங்கில மருத்துவ ஏடுகளிலும் உலவுகிறது.

2011-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றையும் சொல்கிறேன். 29 வாரத்தில் பிறந்த பெண் குழந்தை. எடை 1,050 கிராம். தாயின் தாயாராகிய அம்மையார், சீம்பாலைக் கொடுக்கலாகாது என்று உறுதியாக நின்றார். நான் அவரோடு வாதிடவில்லை. "பாட்டி, உங்கள் வீட்டில் மாடு உண்டா?" என்றேன். "இரண்டு உண்டு, ஐயா." "கன்று பிறந்ததும் முதற்பாலை என்ன செய்வீர்கள்?" "கன்றுக்கு ஊட்டுவோம். ஊட்டாவிட்டால் தங்குமா?" என்றவர், சொல்லி முடித்ததும் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு மகளிடம் சென்று, "எடு, பார்ப்போம்" என்றார். முதலில் கிடைத்தது அரைத் தேக்கரண்டிகூட இல்லை. அதைச் செவிலியர் கொண்டுவரும்வரை அந்த அம்மையார் கிண்ணத்தின்மேல் கையைக் குவித்து மூடியபடியே நின்றார். அன்று முதல் இரவு இரண்டு மணிக்கும் மகளை எழுப்பிப் பால் எடுக்க வைத்தவர் அவரே. நான்காம் வாரம் குழந்தைக்குப் பாலாடையால் ஊட்டக் கற்பித்தபோது, எங்கள் செவிலியரினும் அவர் கை பதமாக இருந்தது. ஐம்பதாம் நாள் 1,750 கிராம் எடையுடன் குழந்தை வீடு சென்றது.

தாய்க்கு உடல்நலம் இல்லாமலோ, பால் போதாமலோ இருந்தால் என் செய்வது என்ற கேள்வி எழும். பிற தாய்மார் மனமுவந்து அளிக்கும் பாலைச் சோதித்து, 62.5 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் 30 நிமிடம் வைத்துக் கிருமி நீக்கிக் காக்கும் தாய்ப்பால் வங்கிகள் உள்ளன. இத்தகைய முதல் வங்கி 1909-இல் வியன்னா நகரில் தோன்றியது. இந்தியாவில் 1989-இல் மும்பையின் சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிதா பெர்னாண்டஸ் முதல் வங்கியை நிறுவினார். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இவை உண்டு. வெப்பத்தால் அப்பாலின் ஆற்றல் ஓரளவு குறையும். ஆயினும் குடல்நோயைத் தடுப்பதில் மாவுப்பாலினும் அது மேலானது. மிகக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுடன் கால்சியம், பாஸ்பரஸ், புரதம் முதலியவற்றைச் சேர்க்க வேண்டியும் இருக்கும். தாய்க்குச் சிலவகை நோய்கள் இருந்தாலும், சிலவகை மருந்துகளை அவள் உட்கொண்டாலும், மருத்துவரைக் கேட்டே நடக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே! இன்று இதைக் கேட்கும் உங்களுக்கு இச்செய்தி எதற்கு என்று எண்ண வேண்டா. உங்கள் அக்காளுக்கோ அண்ணிக்கோ முந்திப் பிள்ளை பிறக்கலாம். மருத்துவமனை வாயிலில் பெரியவர்கள் கலங்கி நிற்பார்கள். சீம்பாலைக் கொட்டுவதா கொடுப்பதா என்ற பேச்சு அப்போது எழும். அங்கே நீங்கள் ஒரு வார்த்தை சொல்லலாம். பெரியவர்களை எள்ளிப் பேச வேண்டா. அவர்கள் அன்பில் குறைந்தவர்கள் அல்லர். தம் தொழுவத்தில் அறிந்திருந்த உண்மையை வீட்டுக்குள் கொண்டுவர மறந்தவர்கள், அவ்வளவே. கன்றை நினைவூட்டுங்கள், போதும்.

அன்று கதவருகில் நின்று கேட்ட அந்தத் தாய்க்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடையைத்தான் இன்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். "கொடுக்கலாம் அம்மா. ஒரு துளியாயினும் கொண்டு வா."